‘இல்லை’ என்று சொன்ன அதிபர்: பொய்ச் சத்தியம் பதவியைப் பறிக்கப் போதுமா?

1998 ஜனவரி 17, சனிக்கிழமை. வாஷிங்டனில் தம் வழக்கறிஞர்களின் அலுவலகத்தில் பில் கிளின்டன் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தார். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் தம்மீதான வழக்கில் பிரதிவாதியாக வாக்குமூலம் கொடுத்தது அதுவே முதல்முறை. வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஆர்கன்சாஸிலிருந்து வந்திருந்த நீதிபதி சூசன் வெபர் ரைட்டும் கூடவே இருந்தார். கிளின்டன் ஒரு காலத்தில் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அந்த வகுப்பில் படித்த மாணவி இவர்.

வழக்கு பாலா ஜோன்ஸ் தொடுத்தது. 1991-இல், கிளின்டன் ஆர்கன்சாஸ் ஆளுநராக இருந்தபோது, மாநில அரசு ஊழியரான தம்மை லிட்டில் ராக் நகரில் ஒரு ஹோட்டல் அறைக்கு வரவழைத்துத் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது அவர் புகார். 1994-இல் நீதிமன்றம் போனார். பதவிக்காலம் முடியும்வரை வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கிளின்டன் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை சென்று பார்த்தது. 1997 மே 27-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக மறுத்துவிட்டார்கள். இந்த வழக்கு அதிபரின் நேரத்தைப் பெரிதாக விழுங்கிவிடாது என்றும் எழுதினார்கள். இவ்வளவு மோசமாகப் பொய்த்த ஆருடம் சட்டப் புத்தகங்களில் அபூர்வம்.

அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் பல, ஜோன்ஸைப் பற்றியவையே அல்ல. வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியில் இருந்த மோனிகா லெவின்ஸ்கியைப் பற்றியவை. தோழி போலப் பழகிய லிண்டா டிரிப் அவருடைய தொலைபேசிப் பேச்சை ரகசியமாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். விஷயம் ஜோன்ஸின் வழக்கறிஞர்கள் காதுக்கும் போயிருந்தது. முந்தின நாள்தான், கிளின்டனை விசாரித்துவந்த தனி விசாரணை அதிகாரி கென்னத் ஸ்டாரின் ஆட்கள் லெவின்ஸ்கியை ஒரு ஹோட்டலில் மடக்கியிருந்தார்கள். இதெல்லாம் கிளின்டனுக்குத் தெரியாது. பாலுறவு கிடையாது என்றார். தனியாக இருந்ததுண்டா என்றால், நினைவில்லை என்று மழுப்பினார்.

பொய் சொன்னாரா இல்லையா என்பதில் நான் மெனக்கெடப் போவதில்லை. சொன்னார். நீதிபதி ரைட்டே பின்னால் அப்படித்தான் எழுதிவைத்தார். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்ன ஒருவரை, மக்கள் இரண்டு முறை வாக்களித்து உட்காரவைத்த நாற்காலியிலிருந்து இறக்கலாமா என்பதுதான் விஷயம். ‘பொய் பொய்தான், இறக்கு’ என்று ஒரு கூட்டமும் ‘அந்தரங்கம், விட்டுவிடு’ என்று இன்னொரு கூட்டமும் தொண்டை வறளக் கத்தின. இரண்டு கூச்சலுமே கேள்வியைத் தொடவில்லை என்பது என் கட்சி. எதைப் பற்றிய பொய், அதைத் தண்டிக்க வேறு இடம் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

அந்த வாக்குமூலத்தின் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமக்கும் அதிபருக்கும் அப்படி எதுவும் கிடையாது என்று லெவின்ஸ்கி ஏற்கெனவே ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைக் காட்டி, இருவருக்கும் எந்த விதத்திலும் பாலுறவு இல்லை என்று கிளின்டனின் வழக்கறிஞர் ராபர்ட் பென்னட் நீதிபதியிடம் சொன்னார். கிளின்டன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏழு மாதம் போயிற்று. வழக்குப் பாயாது என்ற உத்தரவாதம் வாங்கிக்கொண்டு லெவின்ஸ்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 17-இல் கிளின்டன் கிராண்ட் ஜூரிக்கு, அதாவது குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவுக்கு, வெள்ளை மாளிகையிலிருந்தே காணொளி வழியாகச் சாட்சி சொன்னார். உங்கள் வழக்கறிஞர் சொன்ன பொய்யை ஏன் திருத்தவில்லை என்று கேட்டார்கள். ‘இஸ்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது என்றார். ஆங்கிலத்தில் ‘இஸ்’ நிகழ்காலம். வழக்கறிஞர் பேசிய நாளில் உறவு நடப்பில் இல்லை. ஆகவே அவர் சொன்னது உண்மைதானே என்பது வாதம்.

இதைத் தமிழில் பெயர்த்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். நம் ‘இல்லை’க்குக் காலமே கிடையாது. நேற்று வீட்டில் இல்லை, இப்போது வீட்டில் இல்லை, நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மூன்று காலத்துக்கும் ஒரே சொல்தான். தமிழில் சாட்சி சொல்லியிருந்தால் கிளின்டனுக்கு இலக்கணமே அடைக்கலம் கொடுத்திருக்கும். ஆனால் நம்மூர் வக்கீல் எவரும் அந்த ஓட்டையை விட்டுவைக்க மாட்டார். ‘இப்போது இல்லையா, எப்போதுமே இருந்ததில்லையா’ என்று அடுத்த கேள்வியிலேயே அடைத்திருப்பார்.

சிரிப்பாக இருந்தாலும் இந்த வார்த்தை விளையாட்டுக்குச் சட்டத்தில் வேர் உண்டு. பெர்ஜுரி எனப்படும் பொய்ச் சாட்சியக் குற்றத்தை அமெரிக்காவில் நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. சொன்னது பொய்யாக இருக்க வேண்டும், பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும், வழக்குக்கு முக்கியமானதாகவும் இருக்க வேண்டும். 1973-இல் பிரான்ஸ்டன் வழக்கு என்று ஒன்று. திவால் விசாரணையில் ஒரு படத் தயாரிப்பாளரிடம், சுவிஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். எப்போதாவது இருந்ததா என்றார்கள். கம்பெனிக்கு ஜூரிக்கில் ஆறு மாதம் போல இருந்தது என்றார். தமக்கே ஒரு கணக்கு இருந்ததை விழுங்கிவிட்டார். சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மை; கேட்டவர் ஏமாந்ததும் உண்மை. இது பெர்ஜுரி ஆகாது, மழுப்பலைத் துருவிப் பிடிப்பது கேள்வி கேட்பவர் வேலை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

சட்டம் போதித்த கிளின்டன் இந்தக் கயிற்றின்மேல்தான் நடந்து பார்த்தார். ஜோன்ஸ் தரப்பு ‘பாலுறவு’ என்றால் என்ன என்று மூன்று பகுதியாக எழுதிக் கொடுத்தது. நீதிபதி இரண்டை அடித்துவிட்டார். மிஞ்சிய வாசகப்படி, தாம் செய்தவைதான் கணக்கில் வரும், தமக்குச் செய்யப்பட்டவை வராது என்று கிளின்டன் பொருள் பண்ணிக்கொண்டார். அந்த வரையறை குளறுபடியானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தனியாக இருந்த நினைவில்லை என்றதற்கு எந்த வரையறையும் முட்டுக் கொடுக்காது.

1998 டிசம்பர் 19-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை, அதிபரைப் பதவி நீக்குவதற்கான நான்கு குற்றச்சாட்டுகளை வாக்கெடுப்புக்கு விட்டது. இந்த எண்களைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ கதையே இங்குதான் இருப்பதாகப் படுகிறது. கிராண்ட் ஜூரியிடம் பொய் சொன்னார் என்ற முதல் குற்றச்சாட்டு 228-க்கு 206 என்று நிறைவேறியது. ஜோன்ஸ் வழக்கு வாக்குமூலத்தில் பொய் சொன்னார் என்ற இரண்டாவது, 205-க்கு 229 என்று தோற்றது. நீதியைத் தடுத்தார் என்ற மூன்றாவது 221-க்கு 212 என்று தேறியது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற நான்காவது, 148-க்கு 285 என்று மண்ணைக் கவ்வியது.

ஜனவரி வாக்குமூலத்தில் சொன்ன பொய்தான் பட்டவர்த்தனமான பொய். அதைச் சபை கைவிட்டது. சிவில் வழக்கு, குழப்பமான வரையறை, எதிர்பாராத கேள்விகள் என்று சந்தேகத்தின் பலனைக் கொடுத்தார்கள். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் லிண்ட்சே கிரஹாமே சபையின் நீதிக் குழுவில் அதை எதிர்த்து வாக்களித்தார். ஆகஸ்ட் சாட்சியத்திலோ, தகாத உறவு இருந்தது என்று கிளின்டன் ஒப்புக்கொண்டுவிட்டிருந்தார். அதில் பொய் என்று மிஞ்சியவை, எப்போது ஆரம்பித்தது, எங்கே தொட்டார் போன்ற விவரங்கள். எந்த வாக்கியம் பொய் என்று குற்றச்சாட்டில் ஒன்றைக்கூட மேற்கோள் காட்டவில்லை. பொய்யைப் பதவி அதிகாரத்தோடு முடிச்சுப் போட்டிருக்கக்கூடிய நான்காவது குற்றச்சாட்டையோ சபையே பெருவாரியாகத் தூக்கி எறிந்துவிட்டது. தெளிவான பொய்யும் போயிற்று, அதிகார மீறலும் போயிற்று. மேலவையான செனட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டுக்கும் நடுவில் கிடந்த மிச்சம்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். இம்பீச்மென்ட் என்றாலே பதவி போய்விட்டது என்று நம் செய்தித்தாள்களைப் படிப்பவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிரதிநிதிகள் சபை செய்வது குற்றம் சாட்டுவது மட்டுமே. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். இறக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது நூறில் 67.

எதற்காக இறக்கலாம்? அரசமைப்புச் சட்டம் தேசத் துரோகம், லஞ்சம், ‘பெருங்குற்றங்களும் தவறான நடத்தைகளும்’ என்கிறது. இந்தக் கடைசிச் சொற்றொடரை வைத்து இருநூறு ஆண்டுக்கு மேலாக மல்லுக்கு நிற்கிறார்கள். 1787 செப்டம்பர் 8-இல், அரசமைப்பை எழுதக் கூடிய பிலடெல்பியா மாநாட்டில் ஜார்ஜ் மேசன் முதலில் ‘நிர்வாகச் சீர்கேடு’ என்று சேர்க்கச் சொன்னார். இவ்வளவு தெளிவில்லாத சொல்லைப் போட்டால் செனட்டின் தயவில்தான் அதிபர் பதவியில் இருக்க முடியும் என்று ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார். உடனே மேசன், ‘அரசுக்கு எதிரான’ பெருங்குற்றங்கள் என்று மாற்றிக் கொடுத்தார். இறுதி வடிவத்தில் மொழியைச் செப்பனிட்டவர்கள் ‘அரசுக்கு எதிரான’ என்பதை நீக்கிவிட்டார்கள். பொருளை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்கிறார்கள் ஒரு சாரார். எழுதியதைத்தான் படிக்க முடியும் என்கிறார்கள் இன்னொரு சாரார்.

பொய்யைப் பற்றியே நேராகப் பேசியவரும் அந்தத் தலைமுறையில் உண்டு. அரசமைப்பை ஏற்கலாமா என்று 1788-இல் வட கரோலினாவில் நடந்த விவாதத்தில், செனட்டுக்குத் தவறான தகவல் கொடுக்கும் அதிபர் தண்டிக்கப்பட வேண்டும் என்றார் ஜேம்ஸ் ஐரடெல். அங்கே சத்தியம்கூடத் தேவையில்லை. அயல்நாட்டு விவகாரத்தில் உண்மையை மறைத்து நாட்டுக்குக் கேடான முடிவை எடுக்கவைத்தால் போதும். பதவியின் வேலையைச் செய்யும்போது சொல்லும் பொய் அது. 1970-களில் அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சனின் பொய்களும் அந்த வகைதான். எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தின் விசாரணையில் எஃப்.பி.ஐ.யைத் தடுக்கச் சி.ஐ.ஏ.வை ஏவியதும், மக்களிடம் அதை மறைத்ததும் பதவியைக் கருவியாக வைத்துச் செய்தவை. அதே நிக்சன்மேல் வருமான வரி ஏய்ப்பையும் ஒரு குற்றச்சாட்டாக வைக்க முயன்றபோது, 1974 ஜூலையில் நீதிக் குழு 26-க்கு 12 என்று நிராகரித்தது. அது இம்பீச்மென்ட்டுக்கு உரியதல்ல என்று நிக்சனின் எதிர்க்கட்சியினர் சிலரே வாக்களித்தார்கள்.

கிளின்டனை இறக்கச் சொன்னவர்கள் கையில் இதற்கு ஒரு வலுவான பதில் இருந்தது. மூன்று நீதிபதிகள். 1986-இல் ஹாரி கிளெய்போர்ன், வரிக் கணக்கில் பொய் எழுதியதற்காக நீக்கப்பட்டார். 1989-இல் ஆல்சி ஹேஸ்டிங்ஸும் வால்டர் நிக்சனும் போனார்கள். வால்டர் நிக்சன் (அதிபருக்கு உறவல்ல) கிராண்ட் ஜூரியிடம் பொய் சொல்லிச் சிறைக்குப் போனவர்; ராஜினாமா செய்யாததால் சிறையில் இருந்தபடியே நீதிபதிச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நீதிபதியை நீக்கப் பொய்ச் சாட்சியம் போதும் என்றால், அந்த நீதிபதியை நியமிக்கும் அதிபருக்கு மட்டும் என்ன சலுகை என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் நீதிபதி பதவி ஆயுள் பதவி. ‘நன்னடத்தை’ உள்ளவரை என்பது அரசமைப்பின் சொல். அவரை இறக்க இம்பீச்மென்ட்டை விட்டால் வேறு வழியே இல்லை. அதிபருக்கு நான்கு ஆண்டில் கெடு. தவிரவும், வால்டர் நிக்சனின் பொய், தம் தொழில் கூட்டாளியின் மகன்மேல் இருந்த போதைப்பொருள் வழக்கில் தலையிட்டாரா என்பதைப் பற்றியது. நீதிபதி நாற்காலியின் செல்வாக்கு அதில் கலந்திருந்தது. ஹேஸ்டிங்ஸின் கதை இன்னும் ருசியானது. நீதிபதிப் பதவி பறிபோனவர் 1992-இல் தேர்தலில் நின்று வென்று பிரதிநிதிகள் சபைக்கே வந்துவிட்டார். 1998-இல் கிளின்டன்மேல் வாக்களிக்க உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். இம்பீச்மென்ட்டை எதிர்த்துத்தான் வாக்களித்தார்.

என்னை உண்மையில் உறுத்துவது இன்னொரு வாதம். இது அந்தரங்கப் பொய் என்று சொல்லிவிடும்போது பாலா ஜோன்ஸ் காணாமல் போய்விடுகிறார். அவர் ஒரு சாதாரணக் குடிமகள். அவருக்கு வழக்கு நடத்தும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த வழக்கில்தான் நாட்டின் உயர்ந்த பதவியில் இருப்பவர் சத்தியம் செய்து பொய் சொன்னார். லஞ்சமும் பொய்ச் சாட்சியமும் நீதியை ஒரே விதமாகத்தான் கெடுக்கின்றன, லஞ்சம் அரசமைப்பிலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதே என்று கேட்டார்கள். லெவின்ஸ்கி சாட்சியம் இந்த வழக்குக்கு இன்றியமையாதது அல்ல என்று ஜனவரி 29-இல் நீதிபதி ஒதுக்கிவைத்ததையும், ஏப்ரல் 1-இல் ஜோன்ஸின் வழக்கையே தள்ளுபடி செய்ததையும் கிளின்டன் தரப்பு பதிலாகக் காட்டியது. பொய் சொன்ன நாளில் அவருக்கு அந்தத் தீர்ப்புகள் தெரியாதே. அதனால் இந்தப் பதிலை முழுப் பதிலாக என்னால் ஏற்க முடியவில்லை. ஜோன்ஸின் மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, நவம்பரில் கிளின்டன் 8,50,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார், தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டும் அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதல்ல. வாக்குமூலம் கொடுத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தம் செயலாளர் பெட்டி கரியை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, நாங்கள் தனியாக இருந்ததே இல்லை, சரிதானே என்கிற பாணியில் பேசினார். சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று நம் கோர்ட்டுகளில் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். பேசப்பட்டது வெள்ளை மாளிகையில், அரசுச் சம்பளம் வாங்கும் ஊழியரிடம். பதவியின் நிழல் விழுந்த இடம் என்று நான் காட்டக்கூடியது இது ஒன்றுதான்.

செனட் விசாரணை 1999 ஜனவரி 7-இல் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் தலைமையில் தொடங்கியது. பிப்ரவரி 12-இல் தீர்ப்பு. பொய்ச் சாட்சியத்துக்கு 45 பேர் குற்றவாளி என்றார்கள், 55 பேர் இல்லை என்றார்கள். நீதியைத் தடுத்ததற்கு 50-க்கு 50. குடியரசுக் கட்சிக்கு 55 உறுப்பினர்கள் இருந்த அவை அது. அவர்களில் பத்துப் பேர் முதல் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஆர்லன் ஸ்பெக்டர் ஸ்காட்லாந்துச் சட்டத்தைத் தேடிப் பிடித்து ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று பதில் சொன்னார். கிளின்டனின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மூத்தவர் ராபர்ட் பெர்ட், கிளின்டன் பொய் சொன்னதில் சந்தேகமில்லை, அது பெருங்குற்றம் என்ற தகுதியையும் எட்டுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவரும் விடுதலைக்கே வாக்களித்தார். இதை நழுவல் என்று அன்று ஏசினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. குற்றம் உண்டா என்பதும், அதற்காக நாட்டை உலுக்க வேண்டுமா என்பதும் வேறு வேறு கேள்விகள். செனட்டின் வாக்குச் சீட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டம்தான் இருக்கிறது. இடைப்பட்ட வழியாகக் கண்டனத் தீர்மானம் ஒன்றை அதே கட்சியின் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் கொண்டுவரப் பார்த்தார். நடைமுறை முட்டுக்கட்டையில் அதுவும் நின்றுபோனது.

வேறு இடம் இருக்கிறதா என்ற என் இரண்டாவது கேள்விக்கு, பின்னால் நடந்தவை ஓரளவு பதில் சொல்லின. 1999 ஏப்ரலில் நீதிபதி ரைட் தம் பழைய ஆசிரியரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்றார். நீதியின் நடைமுறையைத் தடுக்கும் நோக்கத்தோடு பொய்யான, திசைதிருப்பும், நழுவலான பதில்களைத் தந்தார் என்பது அவர் எழுதியது. 90,000 டாலருக்கு மேல் கட்டவேண்டி வந்தது. சபை கைவிட்டது அந்த ஜனவரிப் பொய்யைத்தான். நீதிமன்றம் பிடித்ததும் அதைத்தான்.

இந்த வழியில் ஓட்டை இல்லாமல் இல்லை. பதவியில் இருக்கும் அதிபர்மேல் கிரிமினல் குற்றச்சாட்டு வைப்பதில்லை என்பது 1973 முதல் நீதித்துறை அமைச்சகத்தின் நிலைப்பாடு. ஆகவே முழுக் கணக்கும் பதவி முடிந்த பிறகுதான். ஆனால் தனிப்பட்ட வழக்கில் சொன்ன பொய்க்குக் கணக்கு நிச்சயம் காத்திருக்கும். பதவியின் வேலையில் செய்தவற்றுக்கு அந்த நிச்சயமும் இப்போது போய்விட்டது. அதிபரின் அதிகாரபூர்வச் செயல்களுக்குப் பதவி முடிந்த பின்னும் பெரிய அளவில் விலக்கு உண்டு என்று 2024 ஜூலை 1-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்துவிட்டது. நீதிமன்றம் தொட முடியாத பொய் எதுவோ, இம்பீச்மென்ட்டின் வேலை அதில்தான் இருக்கிறது.

கிளின்டனின் கணக்கு 2001 ஜனவரி 19-இல் தீர்ந்தது. மறுநாள் புஷ் பதவியேற்க வேண்டும். ஸ்டாருக்குப் பின் வந்த ராபர்ட் ரேயோடு ஒப்பந்தம்: குற்றவியல் வழக்கு கிடையாது, பதிலுக்கு ஐந்தாண்டு ஆர்கன்சாஸில் வழக்கறிஞர் உரிமம் முடக்கம், 25,000 டாலர் அபராதம், எழுத்தில் ஓர் ஒப்புதல். சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதற்கும் பொய்ச் சாட்சி சொல்வதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கோட்டில் நடக்க முயன்றேன், முழுவதும் முடியவில்லை, லெவின்ஸ்கி பற்றிய சில பதில்கள் பொய் என்று கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.